பீச் கொட்டை முளைக்கவில்லை, முளைத்தது வளரவில்லை, வளர்ந்தது பூக்கவில்லை: அறிகுறி பார்த்துக் காரணம் பிடிப்பது எப்படி?

மாங்கொட்டையோடு பழகிய கைக்கு பீச் கொட்டை புதிர்தான். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கொட்டையைக் குப்பைக்குழியில் வீசினாலே மூன்று வாரத்தில் செம்பு நிறத் தளிர் எட்டிப் பார்க்கும். அதே கொட்டையை வெயிலில் காயப் போட்டால் உயிர் போய்விடும். பீச் இதற்கு நேர் எதிர். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஈரமும் குளிரும் சேர்ந்து படாமல் கண் திறக்காது. மாங்கொட்டைப் பழக்கத்தை பீச்சுக்குப் போடுவதால் வருவது பாதித் தொல்லை. எந்தப் பழத்தின் கொட்டை என்று பார்க்காமல் ஊன்றியதால் வருவது மீதி. தண்ணீர், உரம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நெக்டரின் தனி மரம் அல்ல; தோலில் சுணை இல்லாத பீச். கீழே பீச் என்று சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

இடத்தையும் முதலிலேயே சொல்லிவிடலாம். கிருஷ்ணகிரி, தருமபுரி நகரங்கள் ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கே பீச் கன்றாக வளரும், மரமாகக்கூட ஆகும். காய்ப்பை நம்ப வேண்டாம். ஓசூர், தேன்கனிக்கோட்டை 900 மீட்டர் அளவு. தளியும் வத்தல்மலையும் 1000 மீட்டரை ஒட்டி. இந்த மேட்டு ஊர்களில் முயற்சி செய்து பார்க்கலாம்.

ஊன்றி மூன்று மாதமாகியும் முளை இல்லை

தோண்டி ஒரு கொட்டையை எடுத்து உடைத்துப் பாருங்கள். யூகம் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பதைவிட ஒரு கொட்டை போனால் போகட்டும்.

கொட்டையின் ஓரத்தில் ஒரு தையல் கோடு ஓடும். இரண்டு பாதிகள் ஒட்டிய இடம் அது. பட்டறை வைஸ் இருந்தால் அந்தக் கோடு இரண்டு தாடையிலும் படும்படி நிறுத்தி, கால் சுற்றாக இறுக்குங்கள். 'டக்' என்று சத்தம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். வைஸ் இல்லையென்றால் கொட்டையைத் துணியில் சுற்றி, கோடு மேலே வரும்படி கல்லில் நிறுத்தி, சுத்தியலால் இலேசாகத் தட்டலாம். பாக்குவெட்டி வேண்டாம், ஓட்டோடு பருப்பும் துண்டாகிவிடும். உள்ளே இருப்பது பாதாம் பருப்பு மாதிரியே இருக்கும், வாசனையும் அதுதான். ஆனால் கடித்தால் சயனைடு உண்டாக்கும் பொருள் அதில் இருக்கிறது. வாயில் வைக்கக் கூடாது. உடைத்த பருப்பைக் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவும் கூடாது.

இனி உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பருப்பு சுருங்கி, காய்ந்த திராட்சைத் தோல் போலக் கிடந்தால் அல்லது ஓடு வெறுமையாக இருந்தால் அது முற்றாத பருப்பு. நீங்கள் செய்த தவறு எதுவும் இல்லை, பழத்தின் குணம் அது. பூத்து 70, 80 நாளில் பழுத்துவிடும் முன்பருவ ரகங்களில் சதை பழுத்த பிறகும் பருப்பு வளர்ந்து முடிந்திருக்காது. இதில் ஒரு சங்கடம் உண்டு: குறைந்த குளிரில் காய்க்கும், நமக்குத் தோதான ரகங்களில் பெரும்பாலானவை இப்படி முன்கூட்டிப் பழுப்பவைதான். அதனால் மரத்திலிருந்து எடுப்பதானால் கடைசியாகப் பழுக்கும் பழங்களைக் கொள்ளுங்கள். தொட்டால் குழையும் வரை மரத்திலேயே விடுங்கள்.

பருப்பு கூழாகி நாற்றமடித்தால் அழுகல். மண் இறுக்கம், அதிகத் தண்ணீர், அல்லது சதையை முழுதாகச் சுரண்டாமல் ஊன்றியது காரணம்.

பருப்பு பருத்து, பழுப்புத் தோலைக் கீறினால் உள்ளே பால்வெள்ளையாக, நகம் இறங்காமல் கெட்டியாக இருந்தால் நல்ல செய்தி: உயிர் இருக்கிறது, உறக்கம் கலையவில்லை. குளிர் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. மிதக்கிறதா என்று தண்ணீரில் போட்டுப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. ஓட்டுக்குள் காற்றிருந்தால் நல்ல கொட்டையும் மிதக்கும்.

குளிர் கொடுக்கும் முறை: சதை போகத் தேங்காய் நார் கொண்டு தேய்த்துக் கழுவி, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். ஆகஸ்ட் கடைசி வரை காகிதப் பையில் கிடக்கட்டும். பிறகு 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரமான தேங்காய் நார்க்கழிவோடு ஜிப் கவரில் போட்டு பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை அலசி உப்பை நீக்கியிருக்க வேண்டும். கைப்பிடியளவு எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வர வேண்டும். 4, 5 டிகிரி சரியான குளிர். ஓட்டோடு 90 முதல் 120 நாள். ஓடு நீக்கிய பருப்பானால் 60 முதல் 75 நாள். ஃப்ரீசரில் வைத்தால் ஊறிய பருப்பு செத்துவிடும். ஆப்பிள், வாழைப்பழம் இருக்கும் தட்டிலும் வேண்டாம்.

கரண்ட் போய் நாலைந்து மணி நேரம் பிரிட்ஜ் நின்றால் கவலையில்லை, கதவைத் திறக்காமல் இருந்தால் போதும். ஆனால் பிரிட்ஜ் பழுது, ஊருக்குப் போனது என்று பை பல நாள் வெப்பத்தில் கிடந்தால் அதுவரை கொடுத்த குளிரில் பெரும்பகுதி வீண். பருப்பு மறுபடி உறக்கத்துக்குள் போய்விடும். புதிதாக நாள் எண்ணத் தொடங்குங்கள்.

ஆகஸ்ட் கடைசி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மே மாதமே பிரிட்ஜில் வைத்தால் ஆகஸ்டில் வெளியே வரும்; பரவாயில்லை. ஜனவரியில் வைத்தால் மே வெயிலில் வெளியே வரும், அதுதான் கூடாது. குளிர் பட்ட பருப்புக்கு 15 முதல் 20 டிகிரி மண் சூடு பிடிக்கும். சூடேறிய மண்ணில் வைத்தால் விழித்தது மீண்டும் அடங்கிவிடும். ஆகஸ்ட் கடைசியில் வைத்தால் முளை டிசம்பரில் வரும். ஓசூர், தளிக்கு ஆண்டிலேயே இதமான நேரம் அது.

பிரிட்ஜ் பைக்குள் பூஞ்சாணம்

ஓட்டின் மேல் மட்டும் வெள்ளைப் பஞ்சு படர்ந்திருந்தால் பெரிய விஷயமில்லை. கழுவி, புது நார்க்கழிவில் மாற்றிவிடுங்கள். கறுப்பாக, வழுவழுப்பாக, புளித்த வாடையோடு இருப்பவற்றைத் தூக்கிப் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பையைத் திறந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் இவ்வளவு தூரம் வராது. ஓடு நீக்கிய பருப்புக்குப் பூஞ்சாணம் சீக்கிரம் வரும். நகம் பட்ட ஒரு கீறல் போதும். கை பழகாதவர்கள் ஓட்டோடு வைப்பதே மேல்.

வேர் வந்தது, தளிர் வரவில்லை

தையல் கோடு பிளந்து, பச்சைப்பயறு முளை போல வெள்ளையாக ஒரு நுனி நீட்டும். அது வேர். தளிர் பிறகுதான், சில சமயம் மூன்று வாரம் கழித்துக்கூட வரும். அதுவரை நோண்டிப் பார்க்காமல் இருப்பதே உதவி.

வேர் 1 சென்டிமீட்டர் தாண்டுவதற்குள் ஜிப் கவரிலிருந்து எடுத்து, மண் நிரப்பிய வளர்ப்புப் பைக்கு (குரோ பேக்) மாற்றுங்கள். நீளவிட்டால் நார்க்கழிவுக்குள் கொக்கி போல வளைந்து, எடுக்கும்போது ஒடியும். நுனி மட்டும் ஒடிந்திருந்தால் பக்க வேர் விடும். அடியோடு ஒடிந்தால் அவ்வளவுதான். வேர் கீழ்நோக்க, 3 முதல் 4 சென்டிமீட்டர் ஆழத்தில் வையுங்கள். குரோ பேக் குறைந்தது ஓரடி ஆழம் இருக்கட்டும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, பைக்கு 50 கிராம் வேப்பம் பிண்ணாக்கு. பையின் மேல் கோழிவலை ஒன்று கட்டுங்கள். மாம்பழத்தையே விடாத அணில் பீச் கொட்டையை விடாது, எலியும் தோண்டும்.

செடி எழும்பாமல் ரோஜாப்பூ போலக் குவிந்து நிற்கிறது

இரண்டு அங்குல உயரத்தில் இலைகள் நெருக்கமாக அடுக்கி, சுருங்கி, கோணிக்கொண்டு நிற்கும். பலரும் வைரஸ் என்று பிடுங்கிப் போடுவது இதைத்தான். பெரும்பாலும் நோயே இல்லை. குளிர் பத்தாமல் முளைத்ததன் விளைவு. 40, 50 நாளிலேயே ஓட்டை உடைத்து, பருப்பின் தோலையும் உரித்து, வலுக்கட்டாயமாக முளைக்கவைத்த செடிகளில் இது அடிக்கடி வரும். வேருக்கு விழிப்பு வந்துவிட்டது, குருத்துக்கு வரவில்லை.

திராட்சைக்கு அடிக்கும் ஜிப்ரலிக் அமிலம் இதற்கு மருந்து. 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கணக்கு. ஒரு செடிக்காக அவ்வளவு கலக்க வேண்டியதில்லை, 1 லிட்டருக்கு 100 மில்லிகிராம் போதும். தூள் நேராகத் தண்ணீரில் கரையாது, சில சொட்டு ஸ்பிரிட்டில் கரைத்துப் பிறகு ஊற்றுங்கள். குருத்து நனைய வாரம் ஒருமுறை, மூன்று முறை. பல செடிகளில் பக்கக் கிளை ஒன்று சாதாரணமாக நீண்டு வரும். அதை வைத்துக்கொண்டு குவிந்த தலையைக் கிள்ளிவிடலாம். யூரியா போடுவதால் எந்தப் பலனும் இல்லை.

கழுத்தில் ஒடிந்து சாய்கிறது

மண்மட்டத்தில் தண்டு நீர்கோத்துக் கறுத்தால் நாற்றழுகல். அந்தச் செடி பிழைக்காது. பக்கத்துப் பைகளுக்கு 1 லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். தண்ணீரை மாலையில் விடாமல் காலையில் விடுங்கள்.

இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

புது இலையில் இப்படித் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். சுண்ணாம்பு அதைப் பூட்டிவைத்திருக்கிறது. நம் பக்கம் சுண்ணாம்பு மிகுந்த சுக்கான் மண் திட்டுகள் உண்டு, போர் தண்ணீரும் பல இடங்களில் கடினம். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் படிந்திருந்தால் அதுவே சாட்சி. பீச்சுக்கு 6 முதல் 7 வரை கார அமில நிலை (pH) பிடிக்கும், 7.5 தாண்டினால் இந்த மஞ்சள் தொடங்கும்.

உடனடிக்கு 1 லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, அதாவது பெர்ரஸ் சல்பேட்டும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். பச்சை திரும்பும், ஆனால் அடுத்து வரும் இலை மறுபடி மஞ்சளாகும். நிலைக்க வேண்டுமென்றால் மண்ணில் இரும்புச் செலேட் இட வேண்டும். கடையில் கேட்கும்போது பெயரைப் பாருங்கள்: ஈடிடிஏ வகை சுண்ணாம்பு மண்ணில் சீக்கிரம் செயலிழந்துவிடும், ஈடிடிஎச்ஏ வகைதான் தாங்கும். விலை கூடுதல்தான். மழைநீர் பிடித்து ஊற்றுவது அதைவிட மலிவு.

பழைய இலை முழுதும் சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறை, தொழு உரம் போதும். இலை விளிம்பு மட்டும் தீய்ந்து காய்ந்தால் உப்புத் தண்ணீர். மஞ்சளோடு செடி வளராமல் நின்று, மதியத்தில் வாடி நின்றால் ஒரு பக்கம் மண்ணை விலக்கி வேரைப் பாருங்கள். கடுகு, மிளகு அளவில் முடிச்சுகள் இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. தக்காளி, கத்தரி போட்டிருந்த பாத்தியில் இது சகஜம். சுற்றிலும் செண்டுமல்லி வைத்து, வேப்பம் பிண்ணாக்கு மரத்துக்கு 1 கிலோ இடுங்கள். தக்காளிப் பாத்தியில் பீச் வைக்காமல் இருப்பது எல்லாவற்றிலும் நல்லது.

மழைக்காலத்தில் மரம் வாடுகிறது, தண்டில் பிசின்

ஈரமிருந்தும் வாடினால் வேர் மூச்சுத் திணறுகிறது. பீச் வறட்சியைச் சமாளிக்கும், தேங்கிய தண்ணீரைச் சமாளிக்காது. நடும் முன்பே சோதிக்கலாம்: ஒன்றரை அடிக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அங்கே குழியில் நடாதீர்கள், ஓரடி மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். நடுவதற்கு ஜூன், ஜூலை ஏற்ற மாதங்கள். செப்டம்பர், அக்டோபர் பெருமழைக்குள் வேர் ஊன்றியிருக்கும்.

பிசின் தெளிவாக, தேன் நிறத்தில் வடிந்தால் காயமோ தண்ணீர்த் தொல்லையோ வெயில் கொப்புளமோ காரணம். தண்டுக்குச் சுண்ணாம்பு அடித்தால் வெயில் காயம் வராது. பிசினில் மரத்தூள் கலந்திருந்தால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. ஓட்டையைத் தேடிப் பிடித்து சைக்கிள் கம்பி விட்டுக் குத்தி எடுத்து, களிமண்ணால் அடையுங்கள்.

இலை சுருள்கிறது; இலையில் துருப்பொடி

சுருண்ட இலையை விரித்துப் பாருங்கள். உள்ளே அசுவினி கும்பலாக இருந்து எறும்பும் ஏறினால் 1 லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், வாரம் ஒருமுறை. பூச்சியே இல்லாமல் இலை தடித்து, சிவந்து, கொப்புளமாக வீங்கியிருந்தால் இலைச்சுருட்டைப் பூஞ்சாணம். குளிரும் மழையும் சேர்ந்த தளிர்ப்பருவத்து நோய், நம் பக்கம் குறைவு.

நம் பக்கம் அதிகம் வருவது துரு நோய். மேல்பக்கம் சிறு மஞ்சள் கோணப்புள்ளிகள். இலையைத் திருப்பி விரலால் தேய்த்தால் பட்டைப்பொடி நிறத்தில் தூள் ஒட்டும். ஐப்பசி மழையில் மளமளவென்று பரவி, மரத்தை நேரங்கெட்ட நேரத்தில் மொட்டையாக்கும். உதிர்ந்த இலையைக் கூட்டி எரியுங்கள். 1 லிட்டருக்கு 2 கிராம் மாங்கோசெப் தெளியுங்கள். நனையும் கந்தகமும் பலன் தரும், ஆனால் வெயில் 32 டிகிரி தாண்டும் நாளில் அடித்தால் இலை கருகும். போர்டோ கலவை, காப்பர் எதையும் பீச்சின் பச்சை இலையில் அடிக்காதீர்கள். திராட்சை தாங்கும், பீச் தாங்காது: இலை சல்லடையாகிக் கொட்டிவிடும். இலையில்லாத நேரத்தில் மட்டும் அடிக்கலாம்.

நாலு வருஷமாகியும் பூவே இல்லை

கொட்டைச் செடி மூன்று, நான்கு ஆண்டில் பூக்க வேண்டும். பூக்கவில்லையென்றால் டிசம்பரில் அந்த ஆண்டு நீண்ட கிளை ஒன்றை அருகில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கணுவிலும் என்ன இருக்கிறது? நடுவில் ஒல்லியாகக் கூரிய மொட்டு, அதன் இரண்டு பக்கமும் பூனைமயிர் போர்த்தியது போல் பருத்த இரண்டு மொட்டு என்று இருந்தால், அந்தப் பருத்தவை பூமொட்டு. எல்லாக் கணுவிலும் ஒல்லி மொட்டு ஒன்றே இருந்தால் பூமொட்டு உருவாகவே இல்லை.

பூமொட்டு இல்லாததற்குக் காரணம் நிழல், அதிகத் தழைச்சத்து, அல்லது தவறான கவாத்து, அதாவது கிளை வெட்டிய விதம். பீச் போன வருஷக் கிளையில்தான் பூக்கும். மாமரம் போலத் தொடாமல் விட்டால் காய்க்கும் கிளை உச்சிக்கு ஏறிவிடும். எல்லாவற்றையும் மழித்தால் பூவும் குப்பைக்குப் போகும். நடுவைத் திறந்துவிட்டு, பழைய கிளையில் மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் போதும்.

பூமொட்டு இருந்தும் திறக்காவிட்டால் குளிர்ப் பற்றாக்குறை. பீச் ரகங்களை 7 டிகிரிக்குக் கீழ் எத்தனை மணி நேரம் வேண்டும் என்ற கணக்கில் பிரிப்பார்கள். ஹிமாச்சலத்து ஜூலை எல்பர்ட்டாவுக்கு 800 மணி அளவு வேண்டும். புளோரிடாவில் உருவான ஃப்ளோர்டாபிரின்ஸுக்கு 150 போதும். ஓசூரில் மார்கழி விடியலிலும் 7 டிகிரியைத் தொடுவது அபூர்வம், ஆக நம் கணக்கு பூஜ்யத்தை ஒட்டியது. ஜூலை, ஆகஸ்டில் கடைக்கு வரும் வடநாட்டுப் பழத்தின் கொட்டை பெற்றோரின் குளிர்ப்பசியோடுதான் முளைக்கும். அந்த மரம் கிளை நுனியில் மட்டும் இலை விட்டு, கீழே மொட்டைக் கம்பாக நிற்கும். கொட்டையிலிருந்தே வளர்ப்பதென்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானல், நீலகிரியிலிருந்து வரும் பழம் நல்ல நடுவழி.

குறைந்த குளிர் போதும் என்கிற மரத்தையும் கொஞ்சம் ஏமாற்ற வேண்டியிருக்கும். மழை ஓய்ந்ததும், நவம்பர் கடைசியில், மூன்று வாரம் தண்ணீரை நிறுத்துங்கள். பிறகு எல்லா இலையையும் கையால் உருவிவிடுங்கள். கீழ்நோக்கி இழுத்தால் மொட்டும் பட்டையும் உரிந்து வரும், இலைக்காம்பை மேல்நோக்கித் தள்ளி ஒடிக்க வேண்டும். பத்து நாள் கழித்துத் தண்ணீர். வெப்பமண்டல மலைப்பகுதிகளில் பீச் பூக்க வைக்க இலையுருவுவது தெரிந்த வழிதான். 800 மணி கேட்கும் மரத்திடம் இது பலிக்காது. அதை வெட்டிப் போட வேண்டாம், வேர்ச்செடியாக வைத்துக்கொண்டு குறைந்த குளிர் ரகத்தை ஒட்டுங்கள். சந்தூர்ப் பக்கம் மா ஒட்டுக் கன்று போடும் கைகளுக்கு, தண்டைப் பிளந்து குச்சியை ஆப்பு போலச் செருகும் ஆப்பு ஒட்டு புதிதல்ல. இலையற்ற நேரத்தில், பென்சில் பருமனுள்ள குச்சியில் செய்தால் பீச்சும் பிடிக்கும்.

பழத்துக்குள் புழு

பழ ஈ. பீச் பழுப்பது ஏப்ரல், மே; மாம்பழமும் அப்போதுதான். மாந்தோப்பிலிருந்து ஈ நேரே வரும். மீத்தைல் யூஜினால் என்ற ஈர்ப்பு மருந்து வைத்த பொறி ஆண் ஈயை மட்டும் பிடிக்கும். ஊரே கட்டினால் பலன், ஒற்றை மரத்துக்கு ஒருவர் கட்டினால் எத்தனை ஈ வருகிறது என்று தெரியும், அவ்வளவுதான். வீட்டு மரத்துக்குக் காகித உறையே காப்பு. காய் நெல்லிக்காய் அளவு இருக்கும்போது, காய்க்குக் காய் அரையடி இடைவெளி விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். எல்லாவற்றையும் விட்டால் பழம் சிறுத்துப்போகும், உறை போடவும் முடியாது. எலுமிச்சை அளவுக்கு வந்ததும் உறை போட்டுக் காம்போடு கட்டுங்கள். விழுந்த பழத்தை உரக்குழியில் போட்டால் ஈப் பண்ணைதான். பிளாஸ்டிக் கவரில் இறுகக் கட்டி இரண்டு நாள் வெயிலில் போட்டால் புழு வெந்துவிடும்.

தின்ற பழம் போல இல்லை

கொட்டைச் செடி தாய் மாதிரியே வரும் என்று உறுதியில்லை. தன் மகரந்தத்திலேயே காய்த்த நெக்டரின் கொட்டையில் நெக்டரின்தான் வரும், சுணையின்மை ஒடுங்கு பண்பு, அதாவது தாய் தந்தை இரு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும் குணம்; பீச் கொட்டையில் எப்போதாவது நெக்டரின் வருவதும் அதனால்தான். இனிப்பும் அளவும் மரத்துக்கு மரம் மாறும். முதல் காய்ப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். காயைக் கிள்ளி, உறை போட்டு, இரண்டாம் காய்ப்பிலும் கசப்போ புளிப்போ மாறவில்லையென்றால் அந்த மரத்திலும் ஒட்டுக் கட்ட ஒரு குச்சி தேடலாம்.